படமின்றி வந்த ஊழி

ஆல்பிரெக்ட் டியூரரின் ‘நான்கு குதிரைவீரர்கள்’ படத்தில் முதலில் கண்ணில் படுவது தராசு. நான்கு பேரில் நடுவே, மற்ற மூவரையும்விட ஓங்கித் தெரிகிறவன், நல்ல உடையும் நன்றாக உண்ட உடம்புமாக வருகிறான். அவன் கையில் வில்லோ வாளோ இல்லை. ஒரு தராசைச் சுழற்றிக்கொண்டு வருகிறான். குதிரையின் வேகத்தில் அதன் தட்டுகள் அவனுக்குப் பின்னால் அந்தரத்தில் வீசப்பட்டு ஆடுகின்றன. அவனுக்கு அப்பால் வாள் ஓங்கியவன், அவனுக்கும் அப்பால் வில்லை நாணேற்றியவன். இப்பால், கீழே இடது ஓரத்தில், எலும்பும் தோலுமான குதிரையின் மேல் எலும்பும் தோலுமான மரணம், கையில் மூன்று முனைக் கவையோடு. குளம்புகளுக்கு அடியில் மனிதர்கள் சரிகிறார்கள். நகரத்து உடையில் ஒரு பெண், கையைத் தூக்கித் தடுக்கப் பார்க்கும் ஆண்கள். மூலையில் வாய் பிளந்த ஒரு விலங்கு, மகுடம் தரித்த தலை ஒன்றை விழுங்கிக்கொண்டிருக்கிறது. ஏறத்தாழ 39 செ.மீ. உயரமும் 28 செ.மீ. அகலமும் கொண்ட ஒரு தாளில், கறுப்பு மையைத் தவிர வேறு நிறமில்லாமல், இவ்வளவும் நடக்கிறது. ஆண்டு 1498.

விவிலியத்தின் கடைசி நூலான வெளிப்படுத்தின விசேஷத்தின் ஆறாம் அதிகாரக் காட்சி இது. அந்த நூல் தமிழில் அச்சேறி முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகிறது. தரங்கம்பாடியில் அச்சாகி, சிதம்பரம், பரங்கிப்பேட்டை, கடலூர் என்று வடக்கே போகும் கடற்கரைச் சாலை வழியாகவும் அது பரவியது. ஆனால் ஐரோப்பாவில் அந்த நூலை நூலாக்கிய படங்களில் ஒன்றுகூட அதனுடன் வரவில்லை. ஊழியின் எழுத்து வந்தது, படம் வரவில்லை. இது ஏன் நிகழ்ந்தது, இதனால் நாம் எதை இழந்தோம் என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

டியூரர் 1471இல் நியூரம்பெர்க் நகரில் ஒரு பொற்கொல்லரின் மகனாகப் பிறந்தார். உலோகத்தில் கோடு கீறும் பழக்கம் வீட்டிலேயே வாய்த்தது. பதினைந்து வயதில் மிக்கேல் வோல்கெமுட் என்ற ஓவியரிடம் தொழில் கற்கச் சேர்ந்தார். அந்தப் பட்டறையில்தான் ஹார்ட்மன் ஷேடலின் உலக வரலாற்றுக்கான படங்கள் பின்னர் உருவாயின. 1493இல் வெளிவந்த அந்த நூலில் 645 மரக்கட்டைகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தி 1,809 படங்கள் அச்சிட்டார்கள். அச்சிட்ட அந்தோன் கோபெர்கர், டியூரருக்கு ஞானத்தந்தை. படமும் எழுத்தும் சந்தையும் எப்படி ஒன்றோடொன்று இயங்குகின்றன என்பதை இளம் வயதிலேயே பக்கத்திலிருந்து பார்த்தவர் டியூரர்.

இருபத்தேழு வயதை எட்டும் பருவத்தில் அவர் செய்தது அதுவரை எந்த ஓவியரும் செய்யாதது. பதிப்பாளர் கேட்டு வரைந்து கொடுப்பதற்குப் பதிலாக, தானே பதிப்பாளர் ஆனார். பதினைந்து பெரிய மரச்செதுக்குப் படங்களுடன் வெளிப்படுத்தின விசேஷத்தை ஜெர்மன் மொழியிலும் லத்தீனிலும் 1498இல் வெளியிட்டார். படங்கள் தாளின் முன்பக்கம், எழுத்து பின்பக்கம். நூலை விரித்தால் இடப்பக்கம் எழுத்தும் வலப்பக்கம் முழுப்பக்கப் படமும் எதிரெதிரே நிற்கும். எழுத்து தன் போக்கில் ஓடும், படம் தன் போக்கில் ஓடும். இரண்டும் ஒவ்வொரு பக்கத்திலும் பொருந்தி வருவதில்லை. படிக்கத் தெரியாதவர் படத்தை மட்டுமே புரட்டி முடிவுவரை போகலாம். டியூரரின் மனைவி ஆக்னெஸ் ஃபிராங்ஃபர்ட் சந்தைக்கும், அவருடைய தாய் நியூரம்பெர்க் திருவிழாவுக்கும் அச்சுத்தாள்களை எடுத்துப்போய் விற்றார்கள். ஊழியின் படங்கள் கடைத்தெருவில் விலைக்குக் கிடைத்தன என்பதை மறந்துவிடக் கூடாது. அரண்மனைச் சுவருக்கோ பீடத்துக்கோ உரியனவாக அவை வரையப்படவில்லை.

மரச்செதுக்கின் வேலைமுறையையும் இங்கே சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழ் அச்சின் கதை அதில்தான் வந்து முட்டுகிறது. பேரி போன்ற இறுகிய மரத்தின் பலகையை வழுவழுப்பாக இழைத்து, அதன் முகத்தில் கோட்டோவியம் வரைவார்கள். பிறகு கோடு தவிர்ந்த இடத்தையெல்லாம் கத்தியால் தோண்டி எடுத்துவிடுவார்கள். மேடாக மிஞ்சும் கோடு மையை வாங்கித் தாளில் பதிக்கும். ஈய எழுத்தும் மேடாகவே நிற்பது. அதனால் மரக்கட்டையையும் எழுத்தையும் ஒரே அச்சுப்பொறியில், ஒரே அழுத்தில் பதிக்கலாம். செப்புத்தகட்டுப் படம் அப்படியல்ல. அதில் மை பள்ளத்தில் தங்கும், அதை எடுக்க உருளை வைத்த வேறொரு பொறி வேண்டும். மரச்செதுக்கு மலிவானது, எழுத்துக்கு நெருங்கிய உறவு. டியூரருக்கு முந்தியவர்கள் வெறும் சுற்றுக்கோட்டைச் செதுக்கி, உள்ளே வண்ணம் பூச இடம் விட்டார்கள். டியூரர் கோட்டையே தடிக்கவும் மெலியவும் வைத்து, நெருக்கமான இணைகோடுகளால் சாம்பல் நிறத்தை உண்டாக்கினார். வண்ணத்துக்கு வேலையே இல்லாமல் போயிற்று. வெறும் கறுப்புக் கோட்டைக் கொண்டு நெருப்பையும் ஒளியையும் இடியையும்கூடக் காட்டிவிடுகிறார் என்று 1528இல் அறிஞர் எராஸ்மஸ் அவரைப் புகழ்ந்தார்.

டியூரரின் படங்கள் வந்து இருபத்துநான்கு ஆண்டுகள் கழித்து மார்ட்டின் லுத்தரின் ஜெர்மன் புதிய ஏற்பாடு விட்டன்பெர்க்கில் அச்சானது. 1522 செப்டம்பர். லுத்தருக்கு வெளிப்படுத்தின விசேஷத்தின்மேல் அப்போது பெரிய மதிப்பில்லை. தன் மனம் அந்த நூலோடு ஒட்டவில்லை என்ற பொருளில் முன்னுரையிலேயே எழுதினார். ஆனால் அந்தப் பதிப்பில் முழுப்பக்கப் படங்கள் பெற்ற ஒரே நூல் அதுதான். லூக்கஸ் கிரானாக்கின் பட்டறை டியூரரைப் பின்பற்றி 21 மரச்செதுக்குகளைச் செய்து கொடுத்தது. அவற்றில் பாபிலோனின் வேசி போப்பாண்டவரின் மூன்றடுக்கு மகுடத்தைத் தலையில் வைத்திருந்தாள். விழுகின்ற பாபிலோன் நகரமோ, ஷேடலின் வரலாற்றில் இருந்த ரோம் நகரக் காட்சியைப் பார்த்து வரையப்பட்டது. ஆட்சேபம் எழுந்ததும், மூன்றே மாதத்தில் வந்த டிசம்பர் பதிப்பில் அந்த மகுடத்தின் மேலடுக்குகளைக் கட்டையிலிருந்தே வெட்டி எடுத்தார்கள். ஊழிப் படம் நாளைய கனவாக இருந்திருந்தால் யாரும் மகுடத்தை வெட்டச் சொல்லியிருக்க மாட்டார்கள். அது நடப்பு அரசியலைப் பேசியது, பேசுவது எல்லோருக்கும் விளங்கியது.

இந்த லுத்தரின் வழியில் வந்தவர்தான் பர்த்தலோமேயு சீகன்பால்கு. 1706 ஜூலையில் தரங்கம்பாடியில் இறங்கினார். 1708இல் தொடங்கி 1711இல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் முடித்தார். 1710இன் தொடக்கத்தில் கடற்கரை வழியே சென்னைக்குப் போனவர் அவர். சிதம்பரமும் பரங்கிப்பேட்டையும் கடலூரும் அந்தப் பாதையில் உள்ளவை. லண்டனின் கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிக் கழகம் அச்சுப்பொறியை அனுப்பியது. ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713இல் வந்து சேர்ந்தன. சுவிசேஷங்களும் அப்போஸ்தலருடைய நடபடிகளும் 1714இலும், வெளிப்படுத்தின விசேஷம் உள்ளிட்ட முழு நூல் 1715இலும் அச்சாகி முடிந்தன. கடலூரில் 1717இல் ஒரு தருமப் பள்ளிக்கூடம் திறக்கப்பட்டது. 1737இல் சர்த்தோரியுஸ், கைஸ்டர் என்ற இருவர் அங்கே மிஷன் பணியைத் தொடங்கினார்கள். 1740 முதல் 1758 வரை கீர்நாந்தர் அதை நடத்தினார். அந்தப் பிள்ளைகளும் பெரியவர்களும் வெளிப்படுத்தின விசேஷத்தில் யோவான் கண்ட காட்சிகளை வாசித்தது தரங்கம்பாடி அச்சில்தான் இருந்திருக்க வேண்டும். எழுத்து மட்டுமே நிறைந்த அச்சு அது. கிரானாக்கின் 21 பக்கங்களும் இல்லை, டியூரரின் பதினைந்தும் இல்லை.

காரணத்தை ஹாலேயில் தேட வேண்டும். சீகன்பால்குவை உருவாக்கிய அந்த நகரில், 1710இல், கான்ஸ்டைன் பிரபு ஏழைகளுக்கு மலிவு விலை விவிலியம் தரும் நிறுவனத்தைத் தொடங்கினார். ஒருமுறை கோத்த எழுத்துப் பக்கங்களைக் கலைக்காமல் அப்படியே வைத்திருந்து மறுபடி மறுபடி அச்சிடுவது அவருடைய வழி. புதிய ஏற்பாட்டை இரண்டு குரோஷனுக்குக் கொடுத்தார். அந்த விலைக்குப் படம் கிடையாது. எழுத்து எல்லோர் கையிலும் சேர வேண்டும் என்ற நல்லெண்ணம் படத்தைக் கைவிடவைத்தது. தரங்கம்பாடியில் இதோடு காகிதத் தட்டுப்பாடும் சேர்ந்தது. ஹாலேயிலிருந்து வந்த எழுத்துகள் பெரியவை, தாளை அதிகம் தின்றன. அதனால் அங்கேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். எழுத்தையே சுருக்க வேண்டிய நிலையில் இருந்தவர்கள் முழுப்பக்கப் படங்களுக்குத் தாள் ஒதுக்கியிருக்க முடியாது. மூன்றாவதாக ஒரு காரணத்தையும் நான் சேர்ப்பேன். தமிழரின் தெய்வ உருவங்களை எதிர்த்து வாதாடிக்கொண்டிருந்தவர்கள், தங்கள் வேதத்துக்குள் ஏழு தலை மிருகத்தையும் சூரியனை உடுத்திய பெண்ணையும் உருவமாக வைத்துக் கொடுக்கத் தயங்கியிருப்பார்கள். இது என் ஊகம். ஆனால் தென்னிந்திய தெய்வங்களைப் பற்றி சீகன்பால்கு 1713இல் எழுதி அனுப்பிய நூலை ஹாலே அச்சிடாமல் வைத்தது. அது அச்சேற 1867 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தப் போக்கோடு இந்த ஊகம் ஒத்துப்போகிறது.

கைத்திறன் இல்லாததால் படம் வரவில்லை என்று மட்டும் சொல்லிவிட முடியாது. மரத்தில் அச்சு வெட்டித் துணியில் சாயம் பதிக்கும் தொழில் சோழமண்டலக் கரைக்குப் பழையது. 1679இல் அம்பலக்காட்டில் இயேசு சபையினர் தமிழ்–போர்த்துகீசிய அகராதியை மரத்தில் வெட்டிய தமிழ் எழுத்துகளைக் கொண்டே அச்சிட்டார்கள். தமிழ் எழுத்தை மரத்தில் வெட்டத் தெரிந்த கை ஒரு குதிரையையும் வெட்டியிருக்கும். கதையைப் படவரிசையாகப் பார்க்கும் பழக்கமும் இங்கே ஊறியிருந்தது. திருவாரூர்க் கோயிலின் தேவாசிரிய மண்டபத்தில் முசுகுந்தன் கதை பட்டை பட்டையாக ஓடுகிறது. ஒவ்வொரு காட்சிக்கும் கீழே தமிழில் விளக்கம். வரைந்த சிங்காதனம் தன் பெயரையும் எழுதிவைத்திருக்கிறார், டியூரர் தன் இரண்டு எழுத்து முத்திரையை ஒவ்வொரு தாளிலும் இட்டதுபோல. சிதம்பரத்தில் சிவகாமியம்மன் சன்னிதியின் விதானத்தில் பிட்சாடனரும் மோகினியும் தாருகவனத்துக்குள் நுழையும் காட்சிகள் இவற்றுக்குச் சற்றேறக்குறைய சமகாலத்தவை. எழுத்தும் படமும் சேர்ந்து கதை சொல்லும் கலையில் தேர்ந்த ஒரு கடற்கரைக்குத்தான் படம் நீக்கிய புத்தகம் வந்து இறங்கியது.

டியூரர் இந்தியாவுக்கே வராதவரும் அல்லர். அன்ட்வெர்ப்பில் அச்சான பன்மொழி விவிலியத்தை இயேசு சபையினர் 1580இல் ஃபதேபூர் சிக்ரியில் அக்பருக்குக் கொடுத்தார்கள்; அந்த நூற்றாண்டு முடிவதற்குள் ஐரோப்பிய அச்சுப் படங்கள் முகலாய ஓவியர்களின் மேசைக்கு வந்துவிட்டன. 1600இல் அபுல் ஹசன் என்ற பதின்மூன்று வயதுச் சிறுவன், சிலுவையடியில் கைகோத்து நிற்கும் யோவானை டியூரரின் 1511ஆம் ஆண்டுச் செப்புத்தகட்டு அச்சிலிருந்து பார்த்து வரைந்தான். அந்தத் தாள் இன்று ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பத்மு தீவில் ஊழிக் காட்சியைக் கண்டதாக மரபு சொல்லும் யோவானும் அவர்தான். ஆக, கண்டவர் வந்தார். கண்ட காட்சி வரவில்லை. வடக்கே அரசவைக்குக் கிடைத்தது தெற்கே பள்ளிக்கூடத்துக்குக் கிடைக்கவில்லை.

ஒரே ஒரு காட்சி மட்டும் வேறு உருவத்தில் வந்தது. டியூரரின் கடைசிப் படத்தில் தேவதூதன் பாம்பைப் பாதாளத்தில் அடைக்கிறான், பின்னால் புதிய எருசலேம் தெரிகிறது. அது கூரான கோபுரங்களும் நகர வாயிலும் மரங்களும் கொண்ட அசல் ஜெர்மன் ஊர். தரங்கம்பாடியில் 1707இல் கட்டிய எருசலேம் தேவாலயத்தைக் கடல் கொண்டுபோனது. சற்று உள்ளே தள்ளி 1718இல் எழுப்பியதற்குப் புதிய எருசலேம் ஆலயம் என்று பெயர். அதன் முகப்பில் டென்மார்க் மன்னரின் முத்திரை இருக்கிறது. அடுத்த ஆண்டே சீகன்பால்கு இறந்து அதனுள் அடக்கம் செய்யப்பட்டார். டியூரர் தன் ஊரையே முடிவில்லாத நகரமாக வரைந்தார், இவர்கள் சுண்ணாம்பும் செங்கலும் கொண்டு கட்டினார்கள். அழிவின் காட்சிகளையெல்லாம் விட்டுவிட்டு ஆறுதலின் ஒரு காட்சியை மட்டும் எடுத்துக்கொண்டதாகவே எனக்குத் தோன்றுகிறது.

சரி, படம் வந்திருந்தால் இந்த ஊர்க் கண்கள் அதை எப்படிப் பார்த்திருக்கும்? நியூரம்பெர்க் பார்த்தபடி பார்த்திருக்காது என்பது உறுதி. கடலூர், விழுப்புரம் பக்கத்துக் கிராமங்களில் ஊர் எல்லையில் ஐயனாரின் மண்குதிரைகள் நிற்கின்றன. சில ஆளைவிட உயரம். ஐயனார் இரவில் தன் வீரர்களோடு குதிரையேறி ஊரைச் சுற்றி வருகிறார் என்பது நம்பிக்கை. ஆயுதம் ஏந்திக் குதிரைமேல் வருகிறவன் இங்கே காவல்காரன். கவையோ சூலத்தை நினைவூட்டும். வெள்ளைக் குதிரையும் உருவிய வாளுமாய் யுக முடிவில் வரப்போகும் கல்கியைத் தசாவதார வரிசையில் பார்த்துப் பழகியவர்களுக்கு, டியூரரின் வீரர்கள் அவதார கணமாகக்கூடத் தோன்றியிருக்கலாம். குளம்படியில் கிடக்கும் மனிதர்களைப் பார்த்த பிறகுதான், இவர்கள் நம்மைக் காக்க வந்தவர்கள் இல்லை என்ற அதிர்ச்சி வந்திருக்கும். ஜெர்மானியருக்குக் கிடைக்காத அதிர்ச்சி அது. காவலாகத் தெரிந்த குதிரை மிதிக்கிறது என்ற அறிவு, படத்தின் உட்பொருளுக்கு இன்னும் அருகில் போகும்.

நெருப்பின் ஊழியும் கடலூர் மாவட்டத்துக்குப் புதிதில்லை. பண்ருட்டியை அடுத்த திருவதிகை, சிவன் முப்புரம் எரித்த தலம். தேர்போல எழுந்த விமானமும் சுதைச் சிற்பங்களும் அந்தப் போரையே நினைவூட்டி நிற்கின்றன. பறந்து திரிந்து ஊர்களை நசுக்கிய மூன்று நகரங்கள் ஒரு கணத்தில் சாம்பலாகின்றன. ஆனால் அந்தக் கதையில் அசுரர் மூவர் பிழைக்கிறார்கள். இருவர் சிவனின் வாயிற்காவலர் ஆகிறார்கள், ஒருவன் ஆடலுக்கு முழவு வாசிக்கிறான். யோவானின் பாபிலோனுக்கு இந்தச் சலுகை இல்லை. திரிகைக் கல் கடலில் எறியப்படுவதுபோல அது எறியப்படும், பிறகு அங்கே இசைக்கருவியின் ஓசையே கேட்காது. எரிந்த பகைவன் கையில் முழவைக் கொடுத்த கற்பனைக்கும், இசையே அற்றுப்போன நகரத்தைக் கண்ட கற்பனைக்கும் இடையில் இருக்கும் தூரம் பெரியது. அதை “அவர்களுக்குக் காலம் நேர்கோடு, நமக்கு வட்டம்” என்ற வழக்கமான வாய்பாட்டில் அடக்கிவிடுகிறோம். அந்த வாய்பாடு எனக்கு உடன்பாடில்லை. வேறுபாடு காலத்தைப் பற்றியதே இல்லை, தோற்றவனை என்ன செய்வது என்பதைப் பற்றியது.

வெள்ளமும் அப்படித்தான். சிதம்பரத்துக்குத் தெற்கே ஏறத்தாழ இருபது கிலோமீட்டரில் இருக்கும் சீர்காழியில் சிவன் தோணியப்பர். ஊழி வெள்ளத்தில் அறுபத்துநான்கு கலைகளையும் ஏற்றிக்கொண்டு மிதந்த தோணி அந்த ஊரில் வந்து தங்கியதாகத் தலபுராணம். டியூரருக்கும் வெள்ளம் தெரியும். 1524 பிப்ரவரியில் கோள்கள் மீனராசியில் கூடுவதால் உலகம் நீரில் மூழ்கும் என்று ஐரோப்பாவில் நூற்றுக்கும் மேற்பட்ட சிறுநூல்கள் வந்தன, பலவற்றின் முகப்பில் மரச்செதுக்குப் படம். அந்த மாதம் மூழ்கடிக்காமல் கடந்துபோனது. ஆனால் 1525 ஜூனில் ஓர் இரவு, வானத்திலிருந்து பெருந்தண்ணீர்த் தூண்கள் பூமியில் விழுவதாக டியூரர் கனவு கண்டு உடல் நடுங்க எழுந்தார். காலையில் நீர்வண்ணத்தில் அதை வரைந்து, முதல் தூண் எவ்வளவு தொலைவில் விழுந்தது, என்ன ஓசை வந்தது, மற்றவை எவ்வளவு மெதுவாக இறங்குவதாகத் தோன்றின என்றெல்லாம் கீழே எழுதிவைத்தார். வியன்னாவில் இருக்கும் அந்தத் தாளில் தேவதூதன் இல்லை, மிருகம் இல்லை, தீர்ப்பும் இல்லை. வெட்டவெளி, சில மரங்கள், நீர். 2004 டிசம்பர் 26 ஞாயிறு காலை சுனாமி வந்தபோது தேவனாம்பட்டினம், தாழங்குடா, சிங்காரத்தோப்பு கரைகளில் நின்றவர்கள் சொன்னதும் இதே வகையில்தான் இருந்தது. எவ்வளவு தூரத்தில் எழுந்தது, எப்படி இரைந்தது, எந்தத் தென்னை வரை வந்தது. கடலூர் மாவட்டத்தில் அறுநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முன்பு கற்பனையில் இருந்ததை நேரில் கண்டவர்கள் தூரத்தையும் ஓசையையும்தான் சொல்கிறார்கள். டியூரரின் பதினைந்து மரச்செதுக்குகளையும்விட இந்த ஒரு நீர்வண்ணத் தாள் கடலூர்க் கரைக்கு நெருக்கமானது.

ஆனாலும் நான்கு குதிரைவீரர்களை விட்டுவிட முடியாது. ஏனென்றால் அவர்கள் உண்மையிலேயே இந்தக் கடற்கரைச் சாலையில் வந்தார்கள். சிதம்பரம் அச்சத்தை முன்பே அறிந்த ஊர். படையெடுப்புக் காலத்தில், 1648இல், நடராசர் திருமேனியைக் கோயிலிலிருந்தே எடுத்துக்கொண்டு போனார்கள். குடுமியான்மலையிலும் மதுரையிலும் காத்துவைத்து 1686இல்தான் திரும்பக் கொண்டுவர முடிந்ததைச் செப்பேடுகள் சொல்கின்றன. ஒரு கையில் நெருப்பை ஏந்தி ஆடுகிறவரே மனிதரின் நெருப்புக்கு அஞ்சி முப்பத்தேழு ஆண்டுகளுக்கு மேல் இடம்பெயர்ந்திருந்தார். பதினெட்டாம் நூற்றாண்டில் கோயில் மதில்கள் கோட்டை மதில்களாயின. பிரெஞ்சுப் படையும் பிறகு மைசூரின் ஹைதர் அலியின் படையும் உள்ளே இருந்தன. 1780இல் ஹைதர், அன்று கர்நாடகம் என்று அழைக்கப்பட்ட இந்தத் தமிழ்க் கடற்கரை நாட்டுக்குள் இறங்கினார். 1781 ஜூனில் ஆங்கிலத் தளபதி அயர் கூட் சிதம்பரம் கோயிலைத் தாக்கித் தோற்றுப் பின்வாங்கினார். ஜூலை 1ஆம் தேதி பரங்கிப்பேட்டையில் ஹைதரைத் தோற்கடித்தார். 1761இல் புதுச்சேரியைப் பிடித்தபோது அங்கிருந்த அச்சுப்பொறியைக் கைப்பற்றிச் சென்னைக்குக் கொண்டுவந்ததும் இதே அயர் கூட்தான். அந்தப் பொறி வேப்பேரியில் மிஷனரி பப்ரிசியுஸிடம் ஒப்படைக்கப்பட்டது, 1772இல் அவருடைய தமிழ்ப் புதிய ஏற்பாடு வேப்பேரியில் அச்சானது. வெளிப்படுத்தின விசேஷத்தின் தமிழ் மேலும் தெளிவடைய உதவிய பொறி, போரில் பிடித்த பொருள்.

1782 ஏப்ரலில் கடலூர் பிரெஞ்சுக்காரரிடம் விழுந்தது. அந்த ஆண்டு கர்நாடகம் முழுவதும் பஞ்சம். பயிர் படைகளுக்கு இரையாயிற்று, ஏரிகள் உடைந்து கிடந்தன, உழவர் ஊரை விட்டு ஓடினார்கள். அக்டோபரில் அடித்த புயல் சென்னைத் துறையில் நின்ற அரிசிக் கப்பல்களையும் உடைத்தது. கிராமங்களிலிருந்து வந்து குவிந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்ற ஏற்பட்ட கஞ்சித்தொட்டிதான் பின்னாளில் மணியக்காரர் சத்திரம் ஆயிற்று. தஞ்சாவூரில் மிஷனரி சுவார்ட்ஸ் நெல் சேர்த்துவைத்துப் பட்டினி கிடந்தவர்களுக்குக் கொடுத்தார். 1783 ஜூனில் ஆங்கிலேயர் கடலூரைத் திரும்பப் பிடிக்க முற்றுகையிட்டார்கள். நிலத்தில் ஆங்கிலத் தளபதி ஸ்டூவர்ட்டும் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸியும் மோத, ஜூன் 20 அன்று கடலூருக்கு வெளியே கடலில் பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி சுஃப்ரானும் ஆங்கிலக் கடற்படைத் தளபதி ஹியூஸும் மோதினார்கள். ஐரோப்பாவில் இரு நாடுகளும் சமாதான முன்வரைவில் கையெழுத்திட்டது ஜனவரி 20. ஐந்து மாதம் முன்னரே முடிந்த போரில் இத்தனை பேர் மாண்டார்கள். செய்தி வந்ததும் துப்பாக்கிகள் நின்றன.

வில், வாள், தராசு, மரணம். யோவான் சொன்ன வரிசை இது, டியூரர் ஒரே சட்டத்துக்குள் ஒன்றன்பின் ஒன்றாக ஓடவிட்ட வரிசையும் இதுவே. முந்தைய விவிலியங்களின் படங்களில் இவர்கள் இந்த மூச்சிறைப்பு இல்லாமல் வருவார்கள். டியூரர் நால்வரையும் நெருக்கி, ஒருவன் குதிரை இன்னொருவனைத் தள்ளும்படி வைத்தார். படையெடுப்பு போரைக் கொண்டுவரும், போர் விலையைக் கொண்டுவரும், விலை சாவைக் கொண்டுவரும் என்ற காரணத் தொடரை அவர் உடல்களின் நெருக்கத்தால் காட்டிவிட்டார். மூன்றாவது வீரன் வரும்போது யோவான் கேட்கும் குரல் தானிய விலையைத்தான் சொல்கிறது. ஒரு நாள் கூலிக்கு ஓர் ஆளுக்கு மட்டும் போதுகிற கோதுமை, மலிவான வாற்கோதுமை என்றால் அதைப்போல் மூன்று மடங்கு. எண்ணெய்க்கும் திராட்சரசத்துக்கும் சேதம் வரக் கூடாது. கூலிக்காரனின் தட்டு காலியாகும்போது பணக்காரனின் மேசை பத்திரமாக இருக்கும் என்பதுதான் அந்த அறிவிப்பு. தராசைக் கையில் பிடித்தவனை டியூரர் நடுவில் வைத்ததும், அவனை மட்டும் கொழுக்கவைத்ததும் இதைப் புரிந்துகொண்டதால்தான் என்று நான் வாசிக்கிறேன்.

தமிழ்நாட்டில் இந்த நூல் இன்றுவரை பெரும்பாலும் இரகசியக் கணக்காகவே வாசிக்கப்படுகிறது. எந்த ஆண்டு, எந்த மிருகம், எந்த எண் என்று கூட்டிக் கழிக்கும் கைப்பிரதிகளுக்குக் குறைவில்லை. படம் உடன் வந்திருந்தால் இப்படி ஆகியிருக்காது என்று உறுதி சொல்ல முடியாது. ஜெர்மனியிலும் கணக்குப் போட்டவர்கள் உண்டு. ஆனால் மகுடத்தை விழுங்கும் வாயையும், தராசு வீசும் கொழுத்தவனையும், குளம்படியில் கிடக்கும் நகரத்துப் பெண்ணையும் கண்ணால் பார்த்த ஒருவர் இதை நட்சத்திரங்களின் கதையாக மட்டும் எடுத்துக்கொள்வது கடினம். கடலூர் மிஷன் பள்ளிப் பிள்ளைகள் 1782இல் பெற்றோருடன் பசித்துக் கிடந்திருப்பார்கள். அவர்கள் கையில் இருந்த புத்தகத்தின் ஆறாம் அதிகாரம் அவர்களைப் பற்றியது என்று சொல்லக்கூடிய ஒரே பக்கம் அச்சில் இல்லை.

டியூரரின் பதினைந்து படங்களையும் தமிழ் எழுத்தோடு எதிரெதிர்ப் பக்கங்களில் வைத்துப் பதிப்பிக்கும் வேலையை யாராவது எடுத்துச் செய்ய வேண்டும். மரக்கட்டைகளை அப்படியே நகலெடுக்க நுட்பம் இன்று தடையில்லை, காகிதமும் தட்டுப்பாடு இல்லை. அந்தப் பதிப்பின் நான்காம் படத்துக்குக் குறிப்பு எழுதுகிறவர் ரோமப் பேரரசின் தானிய வரலாற்றோடு நிறுத்திவிடாமல், 1781 ஜூன் முதல் 1783 ஜூன் வரை சிதம்பரத்துக்கும் கடலூருக்கும் நடுவே நடந்ததையும், சென்னையில் கஞ்சித்தொட்டி எதற்காக வைக்கப்பட்டது என்பதையும் எழுத வேண்டும்.